பொன்மலையில் ஒரு கிட்டார் ரிப்பேர் பட்டறை – என் அனுபவம்

திருச்சிப் பக்கம் பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு, இதை யாரை நம்பிக் கொடுப்பது என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பொன்மலையில், ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி, ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு பெரியவர் கிட்டார் ரிப்பேர் செய்கிறார். போர்டு கிடையாது. பெயரையும் விலாசத்தையும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற வேலையை முடிக்கவே பல மாதம் ஆகுமாம். அந்த வட்டாரத்துச் சர்ச் குவையர்களில் கிட்டார் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். என் கிட்டாரை இவ்வளவு பொறுப்பாகப் பார்த்த இன்னொருவரை நான் கண்டதில்லை. அவர் செய்த வேலையும் அருமைதான். ஆனால் எதையெல்லாம் செய்ய மறுத்தார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

நான் பள்ளியில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் குவையரில் கிட்டார் வாசிக்கிறேன். கிட்டார், என் பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. யமஹா எஃப்ஜி-180. எஃப்ஜி என்றால் ஃபோக் கிட்டார். 1966-இல் யமஹா இந்த வரிசையைத் தொடங்கியபோது வந்த முதல் மாடல்களில் இது ஒன்று. சவுண்ட் ஹோல் வழியாக உள்ளே பார்த்தால் சிவப்பு லேபிள், அதில் நிப்பான் கக்கி (Nippon Gakki) என்ற பழைய கம்பெனிப் பெயர். 1987-இல்தான் அந்தக் கம்பெனி தன் பெயரையே யமஹா என்று மாற்றிக்கொண்டது. ‘சிவப்பு லேபிள்’ என்று சொன்னாலே பழைய கிட்டார் பிரியர்களுக்கு முகம் மலரும்.

இந்த மாடலின் மேல்பலகை ஒட்டுப்பலகை. முழுப்பலகையில் செய்ததுதான் உசத்தி என்று சிலர் இதைக் குறைத்துப் பேசுவார்கள். திருச்சி வெயிலில் இத்தனை வருஷம் இருந்தும் என் கிட்டாரின் மேல்பலகையில் ஒரு கீறல் விரிசல்கூட இல்லை. முழுப்பலகையாக இருந்திருந்தால், கவனிப்பாரில்லாமல் பீரோ மேல் கிடந்த அந்தக் காலத்திலேயே பிளந்திருக்கும். அதனால் ஒட்டுப்பலகையை இளக்காரமாகப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் வாசிக்க முடியவில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதில், கம்பி நாலரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. ஏறக்குறைய பாதி இருந்தாலே போதும். எஃப் கார்டு பிடித்தால் விரல் வெள்ளையாகிவிடும். மேலே போகப் போகச் சுருதியும் நிற்காது, ஏனென்றால் அவ்வளவு உயரத்திலிருந்து கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். பிரிட்ஜின், அதாவது மேல்பலகையில் கம்பிகளை மாட்டுகிற மரக்கட்டையின், பின்பக்கம் பலகையை விட்டு எழும்பியிருந்தது. இதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். அவர்கள் சாடிலை, அதாவது பிரிட்ஜின்மேல் கம்பிகள் உட்காரும் மெல்லிய துண்டை, அடியோடு தேய்த்து, பிரிட்ஜின் இடுக்கில் எபாக்சிப் பசையைத் திணித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் தாங்கியது, அவ்வளவுதான். இன்னொரு இடத்தில், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் மேடம் என்றார்கள்.

பொன்மலை ஐயா கிட்டாரை வாங்கியதும் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முதலில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்டார். விரல் மொட்டியால் முதுகுப் பலகையைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளே பலகையைத் தாங்கும் மரச்சட்டம், அதாவது பிரேஸ், எதாவது விட்டிருந்தால் அந்த இடத்தில் சத்தம் சலசலக்கும் என்றார். பல் டாக்டர் வாயில் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றை சவுண்ட் ஹோலுக்குள் விட்டு, டார்ச் அடித்து, பிரிட்ஜுக்குக் கீழே உள்ளே ஒட்டியிருக்கிற தகட்டுப் பலகையை எனக்கும் காட்டினார். கம்பி முனையில் உள்ள குண்டுகள் அந்தப் பலகையைக் கடித்துக் கடித்து, ஆறு ஓட்டைகளும் கிழிந்துபோய் இருந்தன. அப்புறம் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து பிரிட்ஜின் பின்னால் செருகினார். பாதி கார்டு உள்ளே போய்விட்டது.

கடைசியாக ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேல். அதை ஃப்ரெட்டுகள்மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டினார். கழுத்துச் சாய்வு சரியாக இருந்தால் ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்பரப்பில் வந்து உட்கார வேண்டும். என் கிட்டாரில் அது பிரிட்ஜின் நெற்றியில் போய் இடித்தது, மேலிருந்து 4 மில்லிமீட்டர் கீழே.

“டீச்சர், இதுல சாடில்ல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. சீவறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. கழுத்தைக் கழட்டித்தான் ஆகணும்.”

“பயமா இருக்கே ஐயா.”

“பயந்தா நல்லதுதான். பயமில்லாதவன்கிட்ட குடுக்காதீங்க.”

ஏன் கழுத்து சாய்கிறது என்று கேட்டேன். சாதாரண லைட் செட் கம்பியைச் சுருதி கூட்டினால் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ராத்திரி பகல் ஓயாத இழுப்பு. வருஷக்கணக்கில் அந்த இழுப்பில் கிட்டாரின் உடம்பே மெல்ல வளைந்து கொடுக்கிறது. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தின் கோணம் மாறுகிறது. கம்பி மேலே எழும்புகிறது. யாருடைய தப்பும் இல்லை. ஸ்டீல் கம்பிக் கிட்டார் எதுவானாலும், எவ்வளவு பெரிய கம்பெனி செய்தாலும், ஒரு வயதுக்கு அப்புறம் இது வரும். இதற்குக் குறுக்கு வழிகள் உண்டு. சாடிலைத் தேய்க்கலாம், அது தீர்ந்தால் பிரிட்ஜையே இழைக்கலாம். ஆனால் பிரிட்ஜை இழைத்தால் போன மரம் போனதுதான். நாளைக்கு ஒருவர் சரியான முறையில் செய்ய நினைத்தாலும் புது பிரிட்ஜ்தான் போட வேண்டும்.

கழுத்தைக் கழற்றிச் சாய்வைச் சரிசெய்வதில் எவ்வளவு மரம் போகும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குதான். ஹீல், அதாவது கழுத்தின் அடிக்குதி, சுமார் 9 சென்டிமீட்டர் ஆழம். உடம்பு தொடங்கும் பதினாலாவது ஃப்ரெட்டிலிருந்து சாடில் வரை சுமார் 28 சென்டிமீட்டர். சாடில் பக்கம் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வர வேண்டுமானால், 4-ஐ 9-ஆல் பெருக்கி 28-ஆல் வகுக்க வேண்டும். ஹீலின் அடி நுனியில் ஒன்றே கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மேலே போகப் போகக் குறைந்து, ஃப்ரெட் போர்டுக்கு அருகில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சின்ன ஆப்பு வடிவத்துக்கு மரத்தை எடுத்தால் போதும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

அப்புறம் ஒரு பழைய நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து எழுதினார். இடது பக்கம் செய்ய வேண்டியவை, வலது பக்கம் செய்யக் கூடாதவை. வலது பக்கம்தான் நீளம். பாலிஷ் போடக் கூடாது. மேல்பலகையில் கீறல் விழாமல் ஒட்டியிருக்கிற பிக்கார்டை மாற்றக் கூடாது. ட்யூனிங் கீயை மாற்றக் கூடாது, எண்ணெய் போட்டால் போதும். முதுகில் பெரியப்பாவின் பெல்ட் பக்கிள் தேய்த்த இடத்தைத் தொடக் கூடாது. நான் பாலிஷ் போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். “புதுசா ஒரு கோட் அடிச்சா மேல்பலகை கனம் ஆயிரும், சத்தம் அமுங்கும். பழைய கோட்டைச் சுரண்டுனா, ஒட்டுப்பலகையில மேல் தோல் ரொம்ப மெல்லிசு, கிழிஞ்சிரும். எதுக்கு?” என்றார். பாலிஷுக்கு வாங்கியிருக்கக்கூடிய காசை வேண்டாமென்று சொல்கிற ரிப்பேர்காரர் எத்தனை பேர்?

இவர் ரயில்வே பணிமனையில் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்ப்பு இரும்புச் சாமான்களை வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தில் மரத்தில் ஒரு மாதிரி செய்வார்கள், அதை மண்ணில் பதித்து அச்சு எடுப்பார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர மாதிரியை ஒரு சதவீதம் அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே கோடுகள் சற்று அகலமாகப் போட்ட தனி ஸ்கேல் உண்டு. அந்த ஸ்கேல் இன்னும் அவர் சுவரில் தொங்குகிறது. அரை மில்லிமீட்டர் தவறினால் வார்ப்பே வீண் என்கிற வேலையில் ஆயுள் முழுக்க இருந்தவர் கை அது. பொன்மலையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த காலத்தில், அவர்கள் வீட்டுக் கிட்டார்களைச் சரிசெய்து கொடுத்துப் பழகியதாகச் சொன்னார்.

கழுத்தைக் கழற்றும் அன்று கூட இருந்து பார்க்க அனுமதி கேட்டேன். சரி என்றார், ஆனால் பேசக் கூடாது என்று கண்டிஷன்.

கம்பிகளை முந்தின நாளே கழற்றியிருந்தார். ஃப்ரெட் போர்டின் கடைசிப் பகுதி உடம்பின்மேல் ஒட்டியிருக்குமே, அதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். சவுண்ட் ஹோலைச் சுற்றி அட்டையும் அலுமினியத் தாளும் வைத்து மூடிவிட்டு, சின்ன அயர்ன் பாக்ஸை ஃப்ரெட்டுகள்மேல் வைத்துச் சூடேற்றினார். பெயின்டர்கள் பட்டி பார்க்கிற மெல்லிய தகட்டைச் சூடாக்கி, ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தார். தகடு தானாகப் போகும் வரை காத்திருந்தார். ஒரு தடவைகூட நெம்பவில்லை.

அடுத்தது பதினைந்தாவது ஃப்ரெட். சால்டரிங் அயர்னால் அதைச் சூடுகாட்டி, முனை தட்டையாகத் தேய்த்த கட்டரால் மெதுவாகப் பிடித்து எடுத்தார். அந்தக் காடியில் இரண்டு சிறு துளைகள். கழுத்தும் உடம்பும் டவ்டெயில் மூட்டில், அதாவது புறா வால் போல விரிந்த மரமூட்டில், சேர்ந்திருக்கின்றன. மூட்டின் நுனிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சின்ன வெற்றிடம் இருக்கும், துளை அங்கே இறங்க வேண்டும். அப்புறம் வந்தது நான் எதிர்பாராத சாமான்: ஒரு பழைய பிரஷர் குக்கர். விசில் போடுகிற இடத்தில் ரப்பர் குழாய், குழாயின் மறுமுனையில் பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி. ஊசியைத் துளைக்குள் விட்டு நீராவியை மூட்டுக்குள் செலுத்தினார். சுற்றிலும் துணி. வழிகிற தண்ணீரை உடனுக்குடன் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார், ஈரம் பலகைக்குள் ஊறினால் ஒட்டுப்பலகை உப்பிவிடும் என்பதற்காக.

அந்தக் காலத்து யமஹாவின் பசை சுலபத்தில் இளகாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். சொன்ன மாதிரியே ஆயிற்று. கொஞ்ச நேரம் ஆவி விட்டும் கழுத்து அசையவில்லை. இந்த இடத்தில்தான் மற்றவர்கள் நெம்புவார்கள், ஹீல் பிளக்கும். இவர் அடுப்பை அணைத்துவிட்டார். “இன்னிக்கு போதும். மரம் ஆறட்டும்.” ஒரு வாரம் உலர விட்டு, அடுத்த தடவை ஆவிக்குப் பதிலாகச் சூடான கம்பியை அதே துளைகளில் இறக்கி, ஈரமில்லாத வெப்பத்தில் மறுபடி முயன்றார். ஹீலுக்கு அடியில் வைத்திருந்த மரக்கட்டைக் கிளாம்பை கால் திருகு, கால் திருகாகத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். நான் பிளந்துவிட்டதென்றே நினைத்தேன். பசை விட்ட சத்தம் அது. கழுத்து முழுசாக அவர் கையில் வந்தது.

ஹீலுக்கு அருகில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பாலிஷ் வெளுத்துப் போயிருந்தது. ஆவி பட்டு வந்தது. நான் கவனிப்பதற்கு முன் அவரே விரல் வைத்துக் காட்டினார். முடிந்த வரை சரிசெய்வேன், ஆனால் உற்றுப் பார்த்தால் தெரியும் என்றார். இப்போதும் தெரிகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் இந்த வேலைக்குக் கொடுப்பவர்கள் இப்படி ஒரு தழும்பு வரலாம் என்று தெரிந்தே கொடுங்கள்.

ஹீலைச் சீவியது உளியால் பாதி, உப்புத்தாளால் பாதி. கழுத்தை மூட்டில் செருகி, ஹீலுக்கும் உடம்புக்கும் நடுவே உப்புத்தாள் கீற்றை, சொரசொரப்புப் பக்கம் ஹீலைப் பார்க்க வைத்து, வெளியே இழுப்பார். ஒரு பக்கம் இரண்டு இழுப்பு, மறு பக்கம் இரண்டு. உடனே ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். உடம்பின் வளைவுக்கு ஏற்றபடியே ஹீல் தேய்வதால் இடைவெளியே இல்லாமல் உட்காருகிறது. கழுத்து இடம் வலம் சாயாமல் இருக்கிறதா என்று ஒரு நூலை நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் துண்டிலிருந்து, பிரிட்ஜ் வரை பிடித்துப் பார்ப்பார். மரம் எடுத்ததால் மூட்டு தளர்ந்துவிட்டது. அதற்கு மரச்சீவலைக் காகிதம்போல மெல்லியதாக எடுத்து டவ்டெயிலின் கன்னங்களில் ஒட்டி, பசையே இல்லாமல் கழுத்து இறுக்கமாக நிற்கும்வரை சரிபார்த்தார். பசை போட்டு ஒட்டினது அதற்கும் அப்புறம்.

பசை பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பயன்படுத்துவது வச்சிரம். மாட்டுத்தோலிலிருந்து எடுக்கிற பழைய தச்சர் பசை. தங்க நிறச் சிறு மணிகளாக இருக்கும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு போய்விடும். தடவியதும் சீக்கிரம் உறைந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்து வைத்துக்கொண்டுதான் தடவ வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் வெள்ளைப் பசை டப்பா கிடைக்கிறதே என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். வெள்ளைப் பசை ஓயாத இழுப்பில், அதுவும் நம் ஊர் சூட்டில், மெல்ல நகர்ந்து கொடுக்கும்; வச்சிரம் காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகி நிற்கும். இரண்டாவது, அதே வச்சிரத்தைச் சூடும் ஈரமும் காட்டி என்றைக்கு வேண்டுமானாலும் பிரிக்கலாம். “இன்னும் முப்பது நாப்பது வருஷம் கழிச்சு இன்னொருத்தன் இதைத் தொறப்பான். அவனுக்குக் கஷ்டம் வைக்கக் கூடாது.” முன்னால் போட்ட எபாக்சியோடு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் என்பதால், அந்த வார்த்தை எனக்கு நன்றாகவே புரிந்தது.

பிரிட்ஜை எடுப்பதில் இன்னொரு விஷயம். என் கிட்டாரின் பிரிட்ஜில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. அலங்காரம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவற்றைக் கிளப்பினால் கீழே போல்ட். இது தெரியாமல் சூடுகாட்டி இழுத்திருந்தால் மேல்பலகையே கிழிந்து வந்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, பிரிட்ஜை எடுத்து, எபாக்சியை ரேசர் பிளேடால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். சில இடங்களில் பிரிட்ஜ் மரத்தின் இழையும் சேர்ந்து வந்துவிட்டது. உள்ளே கிழிந்திருந்த ஆறு ஓட்டைகளுக்கும் ஈட்டி மரத்தில் சின்ன வில்லைகள் செய்து பதித்து, புதிதாகத் துளையிட்டார்.

ஈட்டி எங்கே வாங்குகிறீர்கள் என்றால், பழைய நாற்காலிக் கால், உடைந்த கட்டில் சட்டம் என்று ஒரு மூலையைக் காட்டுகிறார். நம் தெற்கத்தி மலைக்காடுகளில் விளையும் இதே ஈட்டிதான் உலகமெங்கும் நல்ல கிட்டார்களின் முதுகாகவும் ஃப்ரெட் போர்டாகவும் இருக்கிறது. பிரேசில் தன் காட்டு ஈட்டி மரத்தை வெளியே விடாமல் தடுத்ததும், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017-இல் அந்த மர இனம் முழுவதற்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது, 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு மதிப்புள்ள மரம் நம் தெருவில் உடைந்த நாற்காலியாக விறகுக்குப் போகிறது. பழைய வீடு இடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஈட்டித் துண்டுகளை எரிக்காதீர்கள்; இவர்போன்ற ஒருவரிடம் கொண்டு போய்க் கொடுங்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ரெட்டுகள் மாற்றவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கர் பேனாவால் மை பூசி, நீள அரத்தை மெதுவாக ஓட்டி, மை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போகும்வரை சமமாக்கி, மறுபடி உருண்டையாக்கி மெருகேற்றினார். சாடிலும் நட்டும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு மாட்டெலும்பில். எலும்பைக் கறிக்கடையில் வாங்கி, வேக வைத்து, கொழுப்புப் போக ஊற வைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் அறுக்கிறார். ட்யூனிங் கீகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான்.

இப்போது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி 1.8. எஃப் கார்டை ஒரு பாட்டு முழுக்கப் பிடிக்க முடிகிறது. ஸ்கேல் இப்போது பிரிட்ஜின் தலையில் உட்காருகிறது, சாடில் நன்றாக வெளியே தெரிகிறது, கம்பி அதன்மேல் அழுத்தமாக வளைந்து இறங்குகிறது. சத்தம் முன்பைவிடத் திறந்து வருகிறது. குவையரில் பத்துப் பதினைந்து பேர் பாடும்போது மைக் இல்லாமலே கடைசி பெஞ்ச் வரை தாளம் கேட்கிறது என்று எங்கள் ஆர்கன் வாசிக்கிற தம்பி சொன்னான். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நிற்கிறது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். பிள்ளைகளுக்குச் சுருதி சொல்லிக்கொடுக்கிறவள் கையில் சுருதி சேராத கிட்டார் இருக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குக் கிடைக்காது. இரண்டு மாதம் என்றார், ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. மழைக்காலத்தில் பசை வேலை செய்ய மாட்டேன் என்று ஐப்பசி முழுக்கத் தள்ளிப் போட்டார். காரணம் நியாயமானதுதான், ஆனால் கச்சேரியோ கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியோ வைத்துக்கொண்டு அவசரத்தில் இருப்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. ஃபோன் எடுக்க மாட்டார். நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். பில் தரமாட்டார், நோட்டுத் தாள்தான். ஸ்பீக்கரில் கொடுப்பதற்கான பிக்கப் பொருத்துவது, எலெக்ட்ரிக் கிட்டார் வயரிங் எதுவும் செய்ய மாட்டார். வாங்கி வந்த பிறகு மூன்றாவது கம்பி சுருதி கூட்டும்போது நட்டில் சிக்கி டிங் என்று தாவியது. திரும்பக் கொண்டு போனேன். காடியில் பென்சில் கரியைத் தேய்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, நின்ற நிலையிலேயே சரிசெய்தார், காசு வாங்கவில்லை.

செலவு எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். இதில் கழுத்து வேலை மட்டும் 9,000. பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு நல்ல புது கிட்டாரே வாங்கலாம். யமஹாவே இப்போது சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்து கிட்டார் செய்கிறது. அதனால் எல்லாப் பழைய கிட்டாருக்கும் இந்தச் செலவு தகும் என்று சொல்ல மாட்டேன். அவரே சொல்ல மாட்டார். நான் உட்கார்ந்திருந்தபோது காலேஜ் பையன் ஒருவன் போல்ட் போட்ட கழுத்துள்ள ஒரு விலை குறைந்த கிட்டாரைக் கொண்டு வந்தான். போல்ட்டைத் தளர்த்தி, மூட்டில் ஒரு மரச்சீவலை வைத்து இறுக்கி, அரை மணியில் கம்பியை இறக்கிக் கொடுத்துவிட்டு, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். “இதுக்கு மேல இதுல செலவு பண்ணாத தம்பி, சேத்து வெச்சு நல்லதா ஒண்ணு வாங்கு.” நல்ல வேலைப்பாடும், நேராக நிற்கிற கழுத்தும், வீட்டில் அதற்கென்று ஓர் இடமும் உள்ள கிட்டாருக்கு 14,500 கொடுக்கலாம். என்னுடையதற்கு அவர் இதைவிட அதிகம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கொடுக்கும்போது எனக்கு அவர் சொன்ன பராமரிப்பையும் எழுதிவிடுகிறேன், யாருக்கும் பயன்படும். கம்பி 12 செட்டுக்குப் பதில் அதைவிட மெல்லிய 11 செட் போடச் சொன்னார். இழுப்பு 6, 7 கிலோ குறையும், பழைய உடம்புக்கு அது பெரிய நிம்மதி. மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. சித்திரை வைகாசியில் காரில் விட்டுவிட்டு கடைக்குப் போனால் பசை இளகக்கூடும். ஏசி அறையில் வைத்தால் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது, அதைப் பெட்டியில் போட்டு, 45-க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு.

போகிறவர்கள் வார நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள். காலையில் பசை வேலை நடக்கும், எழுந்து வர மாட்டார். கம்பியைக் கழற்றாமல், சுருதி கூட்டிய நிலையிலேயே கொண்டு போங்கள், அப்போதுதான் கழுத்து எவ்வளவு சாய்கிறது என்று அவருக்குத் தெரியும். பிரிட்ஜ் முழுசாகப் பிய்ந்து தொங்குகிற நிலையில் இருந்தால் மட்டும் கம்பியை இறக்கிவிடுங்கள். உடைந்து விழுந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். வழியில் எந்தக் கடையிலும் எந்தப் பசையும் போடாதீர்கள்.